பாத்திரக் கடையில் கேட்ட பாட்டு

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது கச்சேரி இசைத்தட்டுகளைப் பற்றி. நடுவில் சினிமாப் பாட்டு வரும். எப்போதாவது ஒரு வில்லுப்பாட்டோ நாட்டுப்பாடலோ தலைகாட்டும். இந்த வாரம் அதெல்லாம் இல்லை. "ஹெவி மெட்டல்" என்ற சங்கீதத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பெயரைக் கேட்டதுமே பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விட நினைக்கும் சகோதரிகள் தாராளமாகப் போகலாம். ஆனால் வீட்டில் பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்து, அவன் கறுப்புப் பனியன் போட்டுக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறவனாயும் இருந்தால், கொஞ்சம் இருந்து படித்துவிட்டுப் போங்கள்.

என்னை இதில் இழுத்து விட்டவள் என் அக்கா. கீழமாசி வீதிக்குப் பக்கத்தில் அவள் வீடு. வீட்டுக்கு முன்கட்டிலேயே பாத்திரக் கடை. அத்தான் மூன்றாம் தலைமுறையாக வெண்கலம், பித்தளை, எவர்சில்வர் வியாபாரம். தல்லாகுளத்தில் இருக்கும் எனக்கு ஆற்றைத் தாண்டினால் அக்கா வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது.

"ஏண்டி, வாராவாரம் பாட்டைப் பத்தி எழுதுறியே, இந்தப் பய கேக்குறது பாட்டுத்தானா, இல்ல வேற ஏதாவதான்னு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. அப்பனும் மகனும் பேசி ரெண்டு மாசம் ஆச்சு. சாப்பாட்டுத் தட்டை நான்தான் ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டு இருக்கேன்."

விஷயம் இதுதான். பையன் காலேஜில் இரண்டாம் வருஷம். தன் கைக்காசைச் சேர்த்துப் பழைய மின்சார கிதார் ஒன்று வாங்கினான். தலைமுடியைத் தோள்வரை வளர்த்தான். மண்டை ஓடு அச்சடித்த பனியனோடு ஒரு முகூர்த்த நாளில் கல்லாப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். சீர்வரிசைப் பாத்திரம் வாங்க வந்த ஒரு பெரியம்மா அவனைப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாரோம்" என்று எழுந்து போனாராம். அன்று இரவே அந்தக் கிதார் பரண்மேல் ஏறியது. பக்கத்தில் பழைய தவலையும் உடைந்த குத்துவிளக்கும் அதற்குத் துணை.

அத்தானிடம் கேட்டேன். "ஹெவி மெட்டலாம், ஹெவி மெட்டல்! கனத்த உலோகம்னு அர்த்தமாமே? அதை நான் கிலோக் கணக்கில் எடை போட்டு விக்கிறேன். அதைக் கேக்க இவன் பெங்களூருக்கா போகணும்?" என்றார்.

அத்தான் கேலியாகச் சொன்னாலும், பெங்களூர் என்று அவர் சொன்னது சரி. பையன் அந்த இரண்டு மாதமும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது கிரிப்டாஸ் என்ற பெங்களூர்க் குழுவின் பாட்டு. 1998-ல் நோலன் லூயிஸ், கணேஷ் கிருஷ்ணசாமி என்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய குழு. லூயிஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுகிறார். ரோஹித் சதுர்வேதி என்பவர் இரண்டாவது கிதார். 2013-ல் ஜெர்மனியில் வாக்கன் என்ற கிராமத்தில் நடக்கும் மாபெரும் மெட்டல் திருவிழாவில் மேடையேறினார்கள். 2016-லிருந்து ஏ.எஃப்.எம். என்ற ஜெர்மன் கம்பெனி அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிடுகிறது. ஜெர்மன்காரர்கள் பீத்தோவனைக் கேட்டவர்கள். லேசில் ஏமாறுகிறவர்கள் அல்ல.

நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட தொகுப்பின் பெயர் "ஆஃப்டர்பர்னர்", 2019-ல் வந்தது. அதற்குப் பிறகு 2021-ல் "ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்", 2024-ல் "டெசிமேட்டர்" என்று இரண்டு வந்துவிட்டன. பையன் முதலில் போட்டுக் காட்டியது இதைத்தான். ஆகவே இதையே எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு மேல் தாமதமான விமர்சனமா என்று நீங்கள் கேட்கலாம். இந்தப் பாட்டே ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் தாமதமாக வந்ததுதான். அதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

கிரிப்டாஸ் வாசிப்பது இன்றைய மெட்டல் அல்ல. இன்றைக்கு அந்த சங்கீதத்தில் எத்தனையோ கிளைகள் வந்துவிட்டன. சிலவற்றில் பாடுகிறவர் தொண்டைக்கு என்ன நேர்ந்ததோ என்று நமக்குக் கவலையாகிவிடும். இவர்கள் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 1980-லிருந்து ஐந்தாறு வருஷம் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இருந்த பழைய பாணியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜூடாஸ் ப்ரீஸ்ட், அயர்ன் மெய்டன், ஆக்ஸெப்ட் என்ற அந்தக் காலத்துக் குழுக்களின் பாணி. அதற்குப் பிறகு உலகத்தில் ஒன்றுமே நடக்காதது போல வாசிக்கிறார்கள்.

இதைக் காப்பி என்று சொல்லி முடித்துவிடலாம். சுலபமான வேலை. ஆனால் மதுரையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் சங்கீதத்தில் "அரியக்குடி பாணி" என்கிறோம், "மதுரை மணி ஐயர் வழி" என்கிறோம். ஒரு சிஷ்யப் பிள்ளை மேடையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடும்போது, "அப்படியே குருநாதரை உரித்து வைத்திருக்கிறான்!" என்று முன்வரிசை மாமா தொடையைத் தட்டினால், அதைவிடப் பெரிய பட்டம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. பாடாந்தரம் சுத்தம் என்று எழுதுகிறோம். மணி ஐயர் காலமானது 1968-ல். அவர் ஸ்வரம் பாடின அழகை இன்றைக்கும் பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று யாரும் சொல்வதில்லை. பெங்களூர்ப் பையன்கள் பர்மிங்காம் பாணியில் பாடாந்தரம் செய்தால் மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஆனால் பாடாந்தரத்திலும் இரண்டு ஜாதி உண்டு. குருவின் ஞானத்தைப் பிடித்துக்கொள்கிறவன் ஒருவன். குருவின் இருமலைப் பிடித்துக்கொள்கிறவன் இன்னொருவன். இவர்கள் எந்த ஜாதி என்று பார்க்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தேன்.

பையன் சின்ன ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கட்டில்மேல் வைத்தான். "சித்தி, முதல் தடவை வார்த்தையைக் கவனிக்காதீங்க. கிதாரை மட்டும் கேளுங்க" என்றான். புத்திசாலிப் பிள்ளை. தவிலைக் கேட்கத் தெரியாதவனை முதலில் நாகஸ்வரத்தைக் கேள் என்று நாமும் சொல்லத்தானே செய்கிறோம்!

"கோல்ட் பிளட்" என்ற பாட்டு. முதல் நிமிஷம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆடி மாசம் மாரியம்மன் கோயில் குழாயைக் காதோரம் கட்டிவிட்டது போல இருந்தது. அந்த உவமை அவ்வளவு தவறும் இல்லை என்று பிறகு தெரிந்தது. குழாய் ஸ்பீக்கரில் தாங்கமுடியாத சத்தம் வைத்தால் எல்லாம் கரகரவென்று கேட்கிறதல்லவா? கருவியின் சக்திக்கு மேல் ஒலியை ஏற்றும்போது, அலையின் தலை மழுங்கி, பால் பொங்கி வழிகிற மாதிரி ஓசை விளிம்பைத் தாண்டுகிறது. கோயில் குழாயில் அது விபத்து. மெட்டல் கிதாரில் அதை வேண்டுமென்றே செய்கிறார்கள். செய்து, அந்தக் கரகரப்பைத் தங்களுக்கு வேண்டிய அளவில் பிடித்து நிறுத்துகிறார்கள். பாலைப் பொங்க விட்டு, வழியாமல் அடுப்பைக் குறைக்கிற சாமர்த்தியம் அது. நம் சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு சங்கதி. அப்படிக் கரகரப்பேற்றிய கிதாரில் மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து மீட்டினால் குழம்பிப் போகிறது. ஆகவே ஷட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள், காந்தாரத்தை விட்டுவிடுகிறார்கள். காந்தாரம் இல்லாததால் அது சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியாது. வெறும் பலமாக நிற்கிறது. ஸ, ப! நம் தம்புராவும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது? மேடையில் நாலு தம்புராவைச் சேர்த்து, நடுவே இடியை விட்டால் என்ன வருமோ, ஏறக்குறைய அதுதான் இந்த சங்கீதத்தின் அடிக்கட்டு. இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

தாளத்திலும் புதிதாக மிரளுவதற்கு ஒன்றுமில்லை. குதிரை ஓட்டம் என்று அவர்கள் சொல்கிற நடை, நம் சொற்கட்டில் சொன்னால் "தா-தக, தா-தக". இரட்டைக் கிதாரும் கைகோர்த்துக்கொண்டு அதன்மேல் ஏறும்போதுதான் தொகுப்பின் அழகு தெரிகிறது. ஒருவர் ஷட்ஜமத்தில் நின்றால் மற்றவர் காந்தாரத்தில் நிற்கிறார். அவர் ஏறினால் இவரும் அதே இடைவெளியில் ஏறுகிறார். மதுரைக்காரர்களுக்கு இரட்டை வாத்தியம் பழகின சுகம். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் ஜோடி நாகஸ்வரம் 1968-ல் "தில்லானா மோகனாம்பாள்" படத்தில் ஒலித்த ஊர் அல்லவா இது! அவர்கள் ஒரே ஸ்வரத்தில் இணைந்து போவார்கள். இவர்கள் ஸ்வரம் தள்ளி இணைந்து போகிறார்கள். வித்தியாசம் பெரியதுதான், ஆனால் இரண்டு மூச்சு ஒன்றாக ஓடும்போது வருகிற புல்லரிப்பு ஒன்றே.

குரலைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. நோலன் லூயிஸின் குரல் கரகரப்பான, அதட்டுகிற குரல். ராகம் இழுக்காது. எட்டுப் பாட்டிலும் ஒரே உறுமல். முதலில் இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. இரண்டாம் தடவை கேட்கும்போது வேறு ஒன்று தோன்றியது: இந்தக் குழுவில் பாடுவது கிதார், வாய் தவில் வாசிக்கிறது. ராகமும் ஜீவனும் கிதாரில் இருக்கின்றன. குரல் அதட்டி, வெட்டி, தாளத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. அப்படிக் கேட்டால் பொறுக்க முடிகிறது. என்றாலும் ஏறக்குறைய நாற்பது நிமிஷம் ஒரே தவில் என்றால் அலுப்புத் தட்டத்தான் செய்கிறது. நடுவிலே நிதானமாக ஒரு பாட்டு, ஒரு தாலாட்டு மாதிரி, வைத்திருக்கக்கூடாதா? பாயசம் வராத பந்தி மாதிரி இருக்கிறது.

பாட்டுப் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். "டெட் ஆஃப் நைட்" நள்ளிரவு. "கிரிம்ஸன் க்வீன்" செந்நிற ராணி. "மாக் 4" என்றால் ஒலியைப் போல நான்கு மடங்கு வேகம். "ஆன் தி ரன்" ஓட்டம். "ரெட் டான்" சிவந்த விடியல். "இன்டு தி விண்ட்" காற்றுக்குள். தொகுப்பின் பெயரான ஆஃப்டர்பர்னர், போர் விமானத்தின் பின்வாயில் மறுபடியும் எண்ணெயைக் கொட்டி எரித்துக் கூடுதல் வேகம் எடுக்கும் ஏற்பாடு. எல்லாம் ராத்திரி, வேகம், இரும்பு, நெருப்பு. பதினெட்டு வயதுப் பிள்ளையின் மனசைத் திறந்து பார்த்தால் இந்தச் சாமான்கள்தான் இருக்கும் போலிருக்கிறது. கெட்ட வார்த்தை ஏதும் இருக்கிறதா என்று அக்கா கேட்கச் சொன்னாள். என் காதில் பட்ட வரையில் நம் சினிமாப் பாட்டுக்கு இது எவ்வளவோ தேவலை.

எனக்கு இருந்த நிஜமான குறை வேறு. இத்தனை கேட்டும், இது பெங்களூர்ச் சங்கீதம் என்று சொல்ல ஓர் அடையாளம் கிடைக்கவில்லை. எந்த ஊரிலும் பிறந்திருக்கலாம். டில்லியில் பிளட்டிவுட் என்று ஒரு குழு. டோல் மத்தளத்தையும் ஹிந்தி, பஞ்சாபி வார்த்தைகளையும் கலந்து மெட்டல் வாசித்து 2019-ல் அதே வாக்கன் மேடையில் ஏறியது. அதைக் கேட்டால் ஊர் தெரிகிறது. இதை ஏன் அப்படிச் செய்யவில்லை என்று பையனைக் கேட்டேன்.

"பெங்களூர்க்காரங்க வாசிச்சா தோசை வாசனை வரணுமா, சித்தி? வெள்ளைக்காரன் வீணை வாசிச்சா, உன் ஊர்ப் பாட்டை ஏன் கலக்கலேன்னு நீங்க கேப்பீங்களா? சுத்தமா வாசிச்சான்னு பாராட்டுவீங்க இல்ல?"

கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தேன். பையன் சொன்னது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் நான் ஒப்பவில்லை. ஒரு பாணியைப் பயின்றவன் ஒரு நாளாவது அதற்குள் தன் வீட்டு வாசலைத் திறந்து வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆஃப்டர்பர்னரில் அந்த வாசல் திறக்கவில்லை. ஆனால் கைவேலை சுத்தம். குருவின் இருமலைப் பிடித்த ஜாதி அல்ல இவர்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற வேண்டும், எந்த இடத்தில் இரட்டைக் கிதாரை அவிழ்த்துவிட வேண்டும் என்பதெல்லாம் பழைய ஆசான்களிடம் உட்கார்ந்து கற்றவர்களின் நிதானம்.

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்பதை நெருங்குகிறார். அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறார். முப்பத்துநாலு வருஷம் ஒரு பஞ்சாலையில் வேலை. அந்த இயந்திரச் சத்தம் காதைத் தின்றுவிட்டது. சங்கீதப் பித்து உள்ள மனுஷர். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டால் கண் கலங்கும். ஆனால் இப்போதெல்லாம் அந்தத் தட்டு சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறதே ஒழிய, காதில் முழுசாக விழுவதில்லை.

நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். திட்டப் போகிறார் என்று பையன் சத்தத்தைக் குறைக்கப் போனான்.

"குறைக்காதடா. இது கேக்குது" என்றார்.

வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். ஒரு பாட்டு முழுக்க அப்படியே இருந்தார். பிறகு, "ரிங் ஃப்ரேம் ஓடுற மாதிரி இருக்கே! நூத்துக்கணக்கில கதிரு ஒண்ணா சுத்துறப்ப அதுக்குள்ள ஒரு சுருதி கேக்கும். நாங்க அதுக்குப் பாடிக்கிட்டே வேலை பாப்போம்" என்றார்.

பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "தாத்தா, இந்தப் பாட்டு பொறந்ததே ஃபாக்டரியிலதான்" என்று ஆரம்பித்தான். நான் சொல்ல நினைத்திருந்த சரித்திரத்தையெல்லாம் அவனே தாத்தாவின் காதுக்குள் கத்திச் சொல்லிவிட்டான்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்கிற இரும்புப் பட்டறை நகரம். டோனி அயோமி என்று ஒரு பையன், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. 1965-ல் அவனுக்குப் பதினேழு வயது. கிதார் வாசித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று வேலையை விட முடிவு செய்து, கடைசி நாள் போனான். அன்றைக்கு யாரோ வராததால் பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தப்பட்டான். வலது கையின் நடு விரலும் மோதிர விரலும் நுனியில் துண்டாகிவிட்டன. அவன் இடது கைப் பழக்கக்காரன். ஆகவே தந்தியை அமுக்க வேண்டிய கையே அதுதான். வைத்தியர்கள் கிதாரை மறந்துவிடு என்றார்கள். அந்தத் தொழிற்சாலையின் மேலாள் ஒருவர் அவன் வீட்டுக்கு வந்து ஒரு இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பவர் வாசித்த கிதார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிப்போய், மிச்சமிருந்த இரண்டு விரலால் அப்படி வாசித்தவர் அவர். அயோமி எழுந்து உட்கார்ந்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். அதன்மேல் தோல் ஒட்டினான். தந்தி உறுத்தாமல் இருக்க மெல்லிய தந்தி போட்டான். பிற்பாடு 1971-ல் சுருதியையே மூன்று அரைஸ்தானம் இறக்கித் தந்தியைத் தளர்த்தினான். அந்தத் தளர்ந்த, தாழ்ந்த, கனத்த ஓசைதான் ஹெவி மெட்டலின் தாய்க்குரல். அவனும் நண்பர்களும் சேர்ந்த பிளாக் ஸாபத் குழுவின் முதல் தட்டு 1970 பிப்ரவரி 13-ம் தேதி வெளியாயிற்று. அதன் முதல் பாட்டு ஷட்ஜமத்திலிருந்து பிரதி மத்யமத்தில் போய் விழும். கேட்டால் அடிவயிறு கலங்கும். கிரிப்டாஸ் பின்பற்றுகிற 1980 பாணி அதன் பேரப்பிள்ளை. அதே வட்டாரத்திலிருந்து வந்த ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழு 1980-ல் வெளியிட்ட தட்டுக்கு "பிரிட்டிஷ் ஸ்டீல்" என்றே பெயர்.

தாத்தா இத்தனையையும் தலையாட்டாமல் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "நம்ம கார்டிங் செக்ஷன்ல ஒருத்தன் இருந்தான், உனக்கு ஞாபகம் இருக்காதும்மா. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பான். ஷிப்டு முடிஞ்சு சைக்கிள்லயே நாடகத்துக்குப் போயிட்டு, விடியக்காலம் சங்குக்கு வந்து நிப்பான். அவனுக்கும் இப்படித்தான், ரெண்டு விரல். ஆர்மோனியத்தை வித்துட்டான். அப்புறம் பாட்டுப் பக்கமே வரலை. நாங்க கல்யாணத்துக்குக் கூப்பிட்டாக்கூட மேளம் வாசிக்கிற பக்கம் உட்கார மாட்டான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவனுக்கு யாரும் தட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டலையே. எனக்கும் தோணலையே" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. பையன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டான்.

"அந்த இங்கிலீஷ்காரன் இன்னும் இருக்கானாடா?" என்று தாத்தாவே கேட்டார்.

இருக்கிறார். 2025 ஜூலை 5-ம் தேதி, தம் சொந்த ஊரான பர்மிங்காமில் பழைய தோழர்களோடு கடைசிக் கச்சேரி வாசித்தார், எழுபத்தேழாவது வயதில். கூடப் பாடிய ஆஸி ஆஸ்போர்ன் நிற்க முடியாமல் ஆசனத்தில் உட்கார்ந்தபடி பாடினார். அந்த மாதம் 22-ம் தேதி காலமாகிவிட்டார். பையன் செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினான். தாத்தா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தக் கையை மட்டும் வெகுநேரம் பார்த்தார்.

அப்புறம் அவர் படி இறங்கினார். முழங்கால் வலிக்காக ஆறு மாதமாய் மாடியை விட்டு இறங்காதவர். கடைக்குள் போய், கல்லாப்பெட்டிக்கு எதிரே குந்தாணி மாதிரி கவிழ்த்து வைத்திருந்த அண்டாவின் மேல் உட்கார்ந்தார். அத்தான் பதறி எழுந்து, "என்ன மாமா, சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே?" என்றார்.

"அந்தக் கிதாரை எறக்கிருங்க, மாப்பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னார். வாதம், உபதேசம் ஒன்றுமில்லை. அத்தான் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

அத்தான் பக்கத்து நியாயத்தையும் நான் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தீபாவளிக்கு எனக்குப் பாத்திரம் வராது. "மாமா, பாட்டு கேக்கட்டும், வேண்டாங்கலை. கடையில மண்டை ஓட்டோட வந்து நின்னா யார் தாலிக்குண்டுக்குப் பித்தளைச் சொம்பு வாங்குவா? படிப்பு என்னாகுறது? எனக்கப்புறம் இந்தக் கடை?" என்றார். கடைசிக் கேள்வியில் குரல் தழுதழுத்தது. பனியனும் முடியும் அவருக்குப் பெரிய கவலை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று தலைமுறையாகத் தன் அப்பன் பாணியில் தராசு பிடித்தவர். மகன் வேறு யாருடைய பாணியையோ பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயம்.

பையன் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். "கடைக்குச் சட்டை போட்டுக்கிட்டு வாரேன்ப்பா" என்றான். இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை. முடியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. அது அடுத்த சுற்றுக்கு வைத்திருக்கிறார்கள் போலும்.

சகோதரிகளுக்கு நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். இந்தச் சங்கீதம் பிள்ளையின் குணத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, காதைக் கெடுக்கலாம். வாரத்துக்கு நாற்பது மணி நேரம், 80 டெசிபெல்லுக்கு மேற்படாமல் கேட்டால் பாதகமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சத்தம் ஏற ஏற நேரத்தைக் குறைக்க வேண்டும். காதுக்குள் செருகிக்கொள்ளும் கருவியை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையிடம் மண்டை ஓட்டைப் பற்றிச் சண்டை போடாமல், அதைப் பற்றிச் சண்டை போடுங்கள். என் தகப்பனாரைப் பார்த்த பிறகு இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஆஃப்டர்பர்னரை வாங்கலாமா, கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இரட்டைக் கிதாருக்காகக் கேளுங்கள். ஒரே மூச்சில் எட்டும் வேண்டாம். "கோல்ட் பிளட்"டிலிருந்து மூன்று நாலு பாட்டு, ஒரு காபி குடித்துவிட்டு மிச்சம். வேலை நேரத்தில் கேட்டால் கை வேகமாக ஓடுகிறது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒத்துவராது.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து கிதார் இறங்கிற்று. இரண்டு தந்தி துருப்பிடித்திருந்தது. அத்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்து, "நல்ல இரும்புதான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா போயிரும்" என்று உள்ளே திரும்பிப் புளிக்குக் குரல் கொடுத்தார். பையன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். தந்தி புதிதாகத்தான் போட வேண்டுமாம். "எவ்வளவுடா?" என்று கேட்ட அத்தான், தொகையைக் கேட்டதும் வியாபாரி ஆகிவிட்டார். டவுன்ஹால் ரோட்டில் பேரம் பேசி வாங்கலாம், நானே வருகிறேன் என்றார்.

தாத்தா மறுபடியும் மாடிக்கு ஏறிப்போய் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். இந்தத் தடவை கதவு திறந்தே இருந்தது. சத்தம் அடுக்களை வரைக்கும் இறங்கிவந்தது. அக்கா கரண்டியோடு வெளியே வந்து மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏய், குக்கர் எத்தனை விசில்டா அடிச்சுது? மூணா, நாலா? சோறு குழைஞ்சு போச்சு!"

மேலே ஒருவருக்கும் கேட்கவில்லை.